காப்பித் தோட்டமே இல்லாத நாட்டுக்கு இவ்வளவு காப்பிப் பெருமையா? இத்தாலி: மோகா முதல் கிராப்பா வரை

சிக்கரி_சீனு
இத்தாலிக்காரங்க வைனைப் பத்திப் பெருமை பேசினா ஒத்துக்கலாம். கொடி அவங்க மண்ணுல நிக்குது. காப்பி அப்படியா? பிரேசில்ல இருந்தும் வியட்நாம்ல இருந்தும் நம்ம குடகு, சிக்மகளூர்ல இருந்தும் மூட்டை மூட்டையா கப்பல்ல போய் இறங்குது. சொல்லிக்கிற மாதிரி ஒரு தோட்டம் அங்க கிடையாது. அப்புறம் எதை வச்சு ‘எங்க காப்பி’ன்னு மல்லுக்கு நிக்கிறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கூடவே ஒரு நடைமுறைக் கேள்வி. மூணு கப் மோகாவுல (அடுப்புல வைக்கிற இத்தாலிக் காப்பிப் பாத்திரம்) காப்பி கரிஞ்ச கசப்பா வருது, கடைசில சீறிக்கிட்டுத் தெறிக்குது. பொடி சரியில்லையா, தீ சரியில்லையா?

ட்ரியெஸ்தே_தாசன்
அவர்கள் பெருமை கொட்டையில் இல்லை, இயந்திரத்தில் இருக்கிறது. 1884-இல் தூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியோண்டோ ஆவியில் இயங்கும் காப்பி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது மொத்தமாக வடிக்கும் கொப்பரை. 1901-இல் மிலானின் லூயிஜி பெட்சேரா, கோப்பைக்குக் கோப்பை தனியாக வடிக்கும் கைப்பிடியோடு வேறொன்றைப் பதிந்தார். அந்த உரிமையை வாங்கி வியாபாரமாக்கியவர் தெசிதேரியோ பவோனி. இவை எல்லாமே ஆவியழுத்தத்தை நம்பியவை, ஒன்றரை பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுதான். ஆவியும் கொதிநீரும் நேராகப் பொடியில் பாய்வதால் காப்பி கருகும், மேலே நுரை நிற்காது.

இன்று நாம் எஸ்ப்ரெஸ்ஸோ என்று சொல்வது அக்கிலே கஜ்ஜாவிடமிருந்து வருகிறது. 1938-இல் முதல் காப்புரிமை, போர் முடிந்ததும் ஸ்பிரிங் நெம்புகோல். கைப்பிடியை இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும், விட்டால் பிஸ்டனைத் தள்ளும். அழுத்தம் சட்டென்று 8, 9 பார் ஆனது. ஆவி பொடியைத் தொடவே இல்லை. அப்போதுதான் அந்தப் பழுப்பு நுரை, ‘கிரேமா’, முதன்முதலாக வந்தது. 1961-இல் ஃபாயெமா நிறுவனம் இ61 இயந்திரத்தில் மின்பம்பை வைத்தது. கை பலமோ ஸ்பிரிங் வயதோ இனிக் கணக்கில் வராது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த சூரிய கிரகணத்தை (எக்லிப்ஸ்) குறிப்பதுதான் அந்த ‘இ’.

அளவுகளையும் எழுதியே வைத்திருக்கிறார்கள். 1998-இல் தொடங்கிய இத்தாலிய எஸ்ப்ரெஸ்ஸோ தேசிய நிறுவனத்தின் சான்றிதழ்க் கணக்குப்படி, ஒரு கோப்பைக்குப் பொடி 7 கிராம் (அரை கிராம் கூடக் குறைய), இயந்திரத்திலிருந்து வரும் நீர் 88 டிகிரி, அழுத்தம் 9 பார், இறங்கும் நேரம் 25 விநாடி, கோப்பையில் நுரையோடு சேர்த்து 25 மி.லி., குடிக்கும்போது சூடு 67 டிகிரி.

நுரையைப் பார்த்தே எங்கே தப்பு என்று சொல்லிவிடலாம். வெளிறிய நுரை, பெரிய குமிழிகள், அரை நிமிடத்தில் கலைந்து கறுப்பு தெரிகிறதா? பொடி கொரகொரவென்று இருக்கிறது, அல்லது நீர் போதுமான சூட்டில் இல்லை. 12, 15 விநாடியில் இறங்கியிருக்கும், வாயில் புளிக்கும். ஓரமெல்லாம் கருத்து நடுவில் மட்டும் வெளுத்த ஓட்டை விழுந்த நுரையா? பொடி அளவுக்கு மீறி நைஸ், சொட்டுச் சொட்டாக 40 விநாடி இறங்கியிருக்கும், நாக்கு இழுக்கும். நல்லது பழுப்பில் செம்பு வரிகளோடு இருக்கும், மேலே தூவிய சர்க்கரை கொஞ்ச நேரம் தாங்கி நின்று பிறகு அமிழும்.

வறுவல்மணி
தாசன் சொன்னதில் ஒரு பாதி விட்டுப்போச்சு. கொட்டை அவர்களுடையது இல்லை, ஆனால் கலவை அவர்களுடையது. ஐந்து ஆறு நாட்டுக் கொட்டையை வாங்கி, வருடம் முழுக்க ஒரே ருசி வருகிற மாதிரி கூட்டிக் குறைப்பதுதான் இத்தாலிய வறுவல்காரர் தொழில். இப்போது ஊரெல்லாம் ‘ஒரே தோட்டத்துக் காப்பி’ மோகம். இத்தாலிக்காரருக்கு அது பாதி வேலையாகத்தான் தெரியும்.

ரோபஸ்டா (அராபிகா போல இன்னொரு காப்பி இனம்) என்றாலே மட்டம் என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். நாபோலியில் 30, 40 சதவீதம் ரோபஸ்டா சாதாரணம், அதற்கு மேலும் போடுவார்கள். காரணம் நுரை. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு சிறைப்பட்டிருக்கும். 9 பாரில் அது நீரில் கரைந்து, வெளியே வந்ததும் நுரைக்கும். காப்பி எண்ணெய் அந்த நுரையைக் கலைக்கும் ஆள். அராபிகாவில் எண்ணெய் அதிகம், அதனால் நுரை மெலிது. ரோபஸ்டாவில் எண்ணெய் குறைவு, நுரை தடிமனாக நிற்கும். காஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பு, கசப்பும் சேர்ந்து வரும். பொடி அரைத்து நாளாகிவிட்டால் வாயு போய்விடும், பிறகு எந்த இயந்திரமும் நுரை தராது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியக் காப்பியை வெளிநாடுகளில் அதிகம் வாங்குவது இத்தாலிதான். நம் கழுவிய ரோபஸ்டா சுத்தமாக இருப்பதால் எஸ்ப்ரெஸ்ஸோ கலவைக்கு அதற்குத் தனி மவுசு. மங்களூர்ப் பக்கம் மழைக்காற்றில் ஊறவைத்து உப்பவைக்கும் மான்சூன் மலபாரும் அப்படியே. புளிப்பைக் குறைத்துக் கனத்தைக் கொடுக்கும்.

கொடிக்கால்
வைன் பெருமையை இவ்வளவு சுலபமாக ‘ஒத்துக்கலாம்’ என்று விட்டுவிட்டீர்கள். அங்கேதான் பெரிய சண்டையே.

காப்பிக்கு அளவுதான் சட்டம், வைனுக்கு நிலம்தான் சட்டம். நம் ஊர்ப் புவிசார் குறியீடு மாதிரி, ஆனால் பலமடங்கு கெடுபிடி. எந்த ஊர் எல்லை, எந்தத் திராட்சை, ஏக்கருக்கு எவ்வளவு மகசூல், எத்தனை மாதம் மரப்பீப்பாய், எல்லாம் எழுத்தில். தொஸ்கானாவை ஆண்ட மூன்றாம் கோசிமோ 1716-லேயே கியாந்தி முதலான நான்கு வைன் பகுதிகளுக்கு எல்லை வகுத்து ஆணை போட்டார். இன்றைய டிஓசி (பிறப்பிடப் பெயர்க் கட்டுப்பாடு) சட்டம் 1963. அதற்கும் மேல்படியான டிஓசிஜி 1980-இல் நடைமுறைக்கு வந்தது; புருனெல்லோ, பரோலோ எல்லாம் அந்த முதல் வரிசை. பரோலோ என்றால் நெபியோலோ திராட்சை மட்டும், வெளியே வர 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில். புருனெல்லோ என்றால் சான்ஜொவேசே மட்டும், அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டு ஜனவரிக்கு முன் விற்பனை கிடையாது.

சட்டம் முட்டாள்தனமாகவும் இருந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பெத்தினோ ரிகாசோலி பிரபு கியாந்திக்கு ஒரு கலவை சொன்னார்: சான்ஜொவேசே முதன்மை, கனையோலோ மென்மைக்கு, சீக்கிரம் குடிக்கும் வைனுக்கு மட்டும் கொஞ்சம் மல்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை. பின்னால் வந்த சட்டம் அந்த ‘மட்டும்’ என்பதை விட்டுவிட்டு, எல்லாக் கியாந்தியிலும் வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கியது. வைன் தண்ணீராகியது. விவரம் தெரிந்தவர்கள் சட்டத்தை விட்டே வெளியேறினார்கள். 1968-இன் சசிக்காயா, 1971-இன் திஞ்ஞனெல்லோ இரண்டும் ‘சாப்பாட்டு மேசை வைன்’ என்ற கடைசிப் படியின் பெயரில் விற்று, முதல் படி வைன்களை விட விலை போயின. கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சை முழுசாகத் தடையானது 2006-இல்தான்.

1986-ஐயும் சொல்லாமல் விடக் கூடாது. போதை அளவைக் கூட்டிக் காட்ட மலிவு வைனில் மெத்தனால் கலந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள், பலருக்குப் பார்வை போனது. இன்று பேசும் தரக் கெடுபிடியில் பாதி அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்தது.

சிக்கரி_சீனு
அருமை. ஆனா என் மோகா இன்னும் கசந்துக்கிட்டுதான் இருக்கு சார்.

அடுப்பங்கரை_என்ஜினியர்
வந்துட்டேன். மோகா எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சா பாதி தப்பு தானாப் போயிடும்.

1933-ல அல்ஃபோன்சோ பியலெத்தி, பியமோன்தே பகுதில ஓமெஞ்ஞா பக்கத்துல அலுமினிய வார்ப்புப் பட்டறை வச்சிருந்தவர், கொண்டுவந்தது. மூணு பாகம்தான்: அடிப்பாத்திரம், பொடி போடுற புனல், மேல்பாத்திரம். அடில தண்ணி சூடாகும்போது மேல இருக்கிற காத்தும் ஆவியும் விரிஞ்சு தண்ணியைப் புனல் வழியா மேல தள்ளும். அழுத்தம் ஒன்றரை பாரைத் தாண்டாது. அதனால மோகா காப்பி எஸ்ப்ரெஸ்ஸோ இல்ல, கிரேமா எதிர்பார்க்காதீங்க. ‘கிரேமா வரும் மோகா’ன்னு விக்கிறதுல இருக்கிற கூடுதல் வால்வு வெறும் வேடிக்கை.

முக்கியமான சங்கதி: தண்ணி கொதிக்கிறதுக்கு முன்னாடியே மேல ஏற ஆரம்பிச்சுடும். ஏற ஏறச் சூடு கூடிக்கிட்டே போகும். கடைசில அடில தண்ணி புனல் வாய்க்குக் கீழ இறங்கினதும் வெறும் ஆவி பொடிக்குள்ள பாயும். உங்களுக்குச் சீறித் தெறிக்குதே, அது அதுதான். அந்தக் கடைசிப் பத்து இருபது மி.லி.யில இருக்கிற கரிஞ்ச கசப்பு மொத்தத்தையும் கெடுத்துடும். பொடி மேல பழி போடாதீங்க.

மூணு கப் மோகாவுக்கு:

தண்ணி வால்வுக்கு ஒரு நூல் கீழ வரைக்கும், ஏறக்குறைய 150 மி.லி. வால்வு ஆவியை வெளியேத்தத்தான், தண்ணில முங்கினா சுண்ணாம்பு பிடிச்சு அடைச்சுக்கும், ஆபத்து நேரத்துல திறக்காது.

பொடி 15 கிராம் அளவு, பொடியுப்பு பருமன். எஸ்ப்ரெஸ்ஸோ நைஸும் வேண்டாம், ஃபில்டர் காப்பிக் கொரகொரப்பும் வேண்டாம். புனல் விளிம்பு வரைக்கும் போட்டு விரலால வழிச்சு விடுங்க. அமுக்கவே கூடாது. அமுக்கினா தண்ணி ஏற மாட்டாம அழுத்தமும் சூடும் கூடும். அப்புறம் ஒரு ஓரமா பொத்துக்கிட்டு ஏறும், ஒரு பக்கம் கரியும், இன்னொரு பக்கம் நனையவே நனையாது. நம்ம கடை சிக்கரி கலந்த பொடியும் இதே வேலையைப் பண்ணும், ஈரத்துல பிசுபிசுத்து அடைச்சுக்கும். (பேரை மாத்திக்குங்க சீனு.)

விளிம்புல ஒட்டின பொடியைத் துடைச்சுட்டு மூடுங்க. திருகும்போது மேல்பாத்திரத்தோட உடம்பைப் பிடிங்க, கைப்பிடியைப் பிடிச்சுத் திருகினா அது ஒருநாள் கையோட வந்துடும்.

சின்ன பர்னர், சிம். தீ அடிப்பாகத்தைத் தாண்டி வெளிய நாக்கு நீட்டக் கூடாது. மூடியைத் திறந்தே வைங்க. நாலஞ்சு நிமிஷத்துல முதல்ல கருப்பா, கெட்டியா வழியும். அப்புறம் பழுப்பு, அப்புறம் மஞ்சளா நுரைக்கும். அந்த மஞ்சள் வந்ததும், சத்தம் வர்றதுக்கு முன்னாடியே அடுப்பை அணைச்சு அடிப்பாகத்தை ஈரத்துணி மேல வைங்க, இல்ல குழாயடில காட்டுங்க. மேல பார்த்தா காப்பி குறைவாத் தெரியும், அடில கொஞ்சம் தண்ணி மிச்சம் நிக்கும். அது சரிதான். ஊத்துறதுக்கு முன்னாடி ஸ்பூனால ஒரு கலக்கு கலக்குங்க, முதல்ல வந்த கெட்டி அடில தங்கியிருக்கும்.

மூணு கப் பாத்திரத்துல ஒரு கப்புக்கு மட்டும் பொடி போட்டா வராது. ஒரு கப் வேணும்னா ஒரு கப் மோகா வாங்கணும். இத்தாலி வீடுகள்ல ரெண்டு மூணு அளவுல மோகா இருக்கிறதுக்குக் காரணமே இதுதான்.

வறுவல்மணி
> தண்ணி

குளிர்ந்த நீரா, கொதித்த நீரா என்று சொல்லாமல் தாண்டிவிட்டீர்களே. இணையத்தில் முக்கால்வாசிப் பேர் கொதித்த நீரை ஊற்றச் சொல்கிறார்கள்.

அடுப்பங்கரை_என்ஜினியர்
வறுவலைப் பொறுத்தது. இத்தாலிக் கலவை கருவறுவல். அதுக்குக் குளிர்ந்த தண்ணிதான் சரி, முதல்ல ஏறுற தண்ணி மிதமான சூட்டுல வரும், கசப்பு குறையும். இளவறுவல் பொடிக்குக் குளிர்ந்த தண்ணில புளிப்பு தூக்கும், அங்க சூடான தண்ணி ஊத்தலாம். அப்போ அடிப்பாத்திரத்தைத் துணியால பிடிச்சுத்தான் திருகணும்.

தூக்குச்சட்டி
சோப்பு போடக் கூடாதுன்னு அடிச்சுச் சொல்றாங்களே இத்தாலிப் பாட்டிங்க?

வறுவல்மணி
பாட்டி சொன்னதில் பாதி சரி. டிஷ்வாஷரும் காரச் சோப்பும் கம்பி நாரும் அலுமினியத்தைக் கருக்கடித்துச் சாம்பல் பூக்க வைக்கும், அதைத் தொடக் கூடாது. ஆனால் ‘பழைய காப்பிப் படலம் ருசி கூட்டும்’ என்பது கதை. அது சிக்குப் பிடித்த எண்ணெய். சூடான நீரில் ஸ்பாஞ்சால் தேய்த்து, துடைத்து, பாகங்களைத் தனித்தனியாகக் காயவிட்டால் போதும். ஈரத்தோடு மூட்டி வைத்தால்தான் உள்ளே வெள்ளை பூக்கும்.

இந்தச் சிக்கு விஷயத்தில் கடைகளும் யோக்கியம் இல்லை. 2014-இல் இத்தாலி அரசுத் தொலைக்காட்சி நாபோலிக் கடைகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி போட்டு ஊரே கொதித்தது. அதில் சொன்ன குறை எளிமையானது: காப்பி வடித்து முடித்ததும் வடிமுனையில் நீரை இரண்டு மூன்று விநாடி திறந்துவிட்டு அடுத்த கைப்பிடியைப் பூட்ட வேண்டும். பலர் செய்வதில்லை. முந்தின காப்பியின் சக்கை சல்லடையில் ஒட்டி, 90 டிகிரியில் நாள் முழுக்க வேகும். கருவறுவல் கொட்டையில் எண்ணெய் வெளியே கசிந்திருப்பதால் அரவை இயந்திரத்தின் மேல்கூண்டும் பிசுக்கேறும். தினமும் துடைக்காத கூண்டைத் திறந்து மோந்து பார்த்தால் பழைய கடலை எண்ணெய் வாடை வரும்.

தூக்குச்சட்டி
நாபோலியைத் திட்டுறீங்க, அவங்க வீட்டுக் காப்பியைச் சொல்லலையே. மோகா வர்றதுக்கு முன்னாடி அங்க இருந்தது ‘குக்குமா’, கவிழ்த்து வடிக்கிற பாத்திரம். கண்டுபிடிச்சவர் நாபோலிக்காரர்கூட இல்ல, 1819-ல பாரிஸ் தகரக் கொல்லர் மொரீஸ். பெருமை என்னவோ முழுசா நாபோலிக்கு.

நம்ம ஃபில்டருக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் இது. கீழ்ப்பாத்திரத்துல தண்ணி, நடுவுல பொடிக்கூடு, மேல மூக்கு வச்ச பாத்திரத்தைத் தலைகீழா மாட்டணும். கீழ்ப்பாத்திரத்தோட பக்கத்துல ஒரு ஊசித் துளை இருக்கும். அதுல ஆவியும் சொட்டும் வந்ததும் அடுப்பை அணைச்சு, ரெண்டு கைப்பிடியையும் சேர்த்துப் பிடிச்சு ஒரே வீச்சுல கவிழ்க்கணும். தயங்கித் தயங்கிக் கவிழ்த்தா இடுக்குல வெந்நீர் வழிஞ்சு கையைச் சுடும். அப்புறம் அஞ்சாறு நிமிஷம் தானா இறங்கும். அழுத்தமே கிடையாது, அதனால பொடி மோகாவை விடக் கொரகொரப்பா இருக்கணும், நைஸா இருந்தா அரைமணி ஆனாலும் இறங்காம ஆறிப்போகும். வடியற வரைக்கும் மூக்குல ஒரு காகிதக் கூம்பைச் செருகி வைப்பாங்க, வாசனை போகாம இருக்க.

நம்மது மணிக்கணக்கா சொட்டி டிகாஷன் கெட்டியாகுது, அது பாலுக்கு. அவங்களது சீக்கிரம் இறங்கிடுது, மெலிசா இருக்கும், அப்படியே குடிக்க. பால் சேர்த்தா எடுபடாது.

சிக்கரி_சீனு
பேரை மாத்த மாட்டேன் என்ஜினியர் சார். சிக்கரிக்கு இத்தாலில இடமே இல்லையா?

ட்ரியெஸ்தே_தாசன்
இருந்தது. 1935-இல் எத்தியோப்பியா மீது படையெடுத்ததும் இத்தாலி மீது பொருளாதாரத் தடை வந்தது. காப்பி கிடைப்பது அரிதாகி, வாற்கோதுமையும் சிக்கரியும் வறுத்துக் குடித்தார்கள். வாற்கோதுமைக் காப்பி இன்றும் எந்தக் கடையிலும் கேட்டால் போட்டுத் தருவார்கள்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. ஊருக்கு ஊர் கேட்கும் முறையும் மாறும். ட்ரியெஸ்தேயில் எஸ்ப்ரெஸ்ஸோ வேண்டும் என்றால் ‘நேரோ’ என்று கேட்க வேண்டும், சின்னக் கண்ணாடிக் கிளாசில் பால்துளி விட்டது வேண்டும் என்றால் ‘காப்போ இன் பி’. லெச்சேயில் ஐஸ்கட்டி மேல் காப்பி ஊற்றி பாதாம்பால் சேர்ப்பார்கள். கப்புச்சினோவுக்கும் அளவு உண்டு: 25 மி.லி. எஸ்ப்ரெஸ்ஸோ, 100 மி.லி. குளிர்ந்த பாலை 55 டிகிரி வரை நுரைத்தது. 70-ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு போய் வெந்த வாடை வரும். சாப்பாட்டுக்குப் பின் அதைக் கேட்டால் யாரும் துரத்த மாட்டார்கள், வயிற்றுக்கு ஆகாது என்ற பார்வை மட்டும் கிடைக்கும்.

கொடிக்கால்
காப்பியும் வைனும் ஒரே கோப்பையில் சேரும் இடத்தை யாரும் சொல்லவில்லை. எஸ்ப்ரெஸ்ஸோவில் 5, 10 மி.லி. கிராப்பா என்ற சாராயம் விட்டால் அது ‘கொரெத்தோ’. வெனெத்தோவில் வேறு வழக்கம்: காப்பியைக் குடித்துவிட்டு, அடியில் தங்கிய சர்க்கரைக் கசடோடு கிராப்பாவை ஊற்றி, கோப்பையைச் சுழற்றி அலசிக் குடிப்பது. ‘ரெசென்தின்’ என்பார்கள். என்னைக் கேட்டால் இதுவே மேல், காப்பியும் கெடாது, கிராப்பாவும் கெடாது.

கிராப்பா வைனிலிருந்து வருவதில்லை, வைன் பிழிந்து போட்ட தோல் சக்கையிலிருந்து வருவது. சக்கை ஈரமாக, புதிதாக இருக்க வேண்டும். காற்றுப் பட்டால் இரண்டு மூன்று நாளில் காடியாகும், அதனால் இறுக அமுக்கிக் காற்றுப் புகாமல் மூடிவைப்பார்கள். ஆவியில் வடிக்கும்போது முதலில் வரும் ‘தலை’யில் மெத்தனாலும் பசை வாடையும், கடைசியில் வரும் ‘வால்’ பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கும். நடுவில் வரும் ‘இதய’த்தை மட்டும் எடுப்பார்கள். திராட்சைத் தோலில் உள்ள பெக்டின்தான் மெத்தனாலாகிறது. சக்கையில் தோல் அதிகம், ஆபத்தும் அதிகம். வீட்டில் முயற்சி செய்யும் சங்கதி இல்லை, இத்தாலியிலும் சட்ட விரோதம்.

சக்கைக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்கு வெரோனா பக்கத்து அமரோனே வைன் நல்ல சாட்சி. கொர்வீனா, ரொந்தினெல்லா திராட்சைகளைச் செப்டம்பர் கடைசியில் அறுத்து, ஒரே அடுக்காகத் தட்டுகளில் பரப்பி, காற்றோட்டமான மாடிக் கொட்டகையில் 100, 120 நாள் உலர்த்துவார்கள். குலை நெருக்கமாக இருக்கக் கூடாது, ஒரு பழம் வெடித்திருந்தாலும் அதைக் கிள்ளி எறிய வேண்டும். ஈரமான இலையுதிர்காலம் வந்தால் ஒரே வாரத்தில் சாம்பல் பூஞ்சை தட்டு முழுக்க ஓடும். எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஜனவரி, பிப்ரவரிக் குளிரில் பிழிந்து நொதிக்க விடும்போது ஈஸ்ட் திணறும். சர்க்கரை அதிகம், சூடு குறைவு, மாதக்கணக்கில் இழுக்கும். பாதியில் நின்றுவிட்டால் வைன் இனிப்பாகவே நின்றுவிடும், அது ‘ரெச்சோத்தோ’. முழுசாக நொதித்தால் 15, 16 சதவீதம் ஆல்கஹால் உள்ள அமரோனே. பிழிந்த அதே சக்கை மேல் சாதாரண வல்போலிசெல்லா வைனை ஊற்றி மறுபடி நொதிக்க வைத்தால் ‘ரிபாஸ்ஸோ’. அதன் பிறகும் மிஞ்சும் சக்கை கிராப்பா வடிக்கப் போகும்.

சிக்கரி_சீனு
தீயைக் குறைச்சு, மஞ்சள் வந்ததும் எடுத்தாச்சு. கசப்பு போயிடுச்சு. ஆனா இப்போ நடுமரை வழியா ஆவி கசியுது.

அடுப்பங்கரை_என்ஜினியர்
முதல்ல மரையிலயும் புனல் விளிம்புலயும் பொடி ஒட்டியிருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் அதுதான். இல்லைன்னா கேஸ்கட் (கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்). மேல்பாத்திரத்தைக் கவிழ்த்து, கத்தி முனையால கேஸ்கட்டை நெம்பி எடுங்க, சல்லடைத் தட்டும் கூடவே வரும். ரப்பர் கட்டியாகி விரல் நகம் பதியலைன்னா மாத்துங்க. அதே கம்பெனி, அதே கப் அளவு பார்த்து வாங்குங்க. பார்வைக்கு ஒண்ணாத் தெரியும், ஆனா அளவு கொஞ்சம் மாறினாலே கசியும். சல்லடைத் தட்டைத் திரும்ப வைக்கிறதுக்கு முன்னாடி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, அடைச்ச துளை இருந்தா ஊசியால குத்தி விடுங்க. புது கேஸ்கட் போட்டதும் ஒருதடவை பொடி போட்டு வடிச்சுக் கீழ ஊத்திட்டு அப்புறம் குடிங்க, ரப்பர் வாடை போயிடும்.